நார்மல் மூன்று

ஜூன் 24

இன்று மீட்டிங்கில் ஆதிகேசவன் சார் எல்லார் முன்னிலையிலும், "வாணி கையில குடுத்தா செல் சாகாது" என்று சொல்லிவிட்டார். நானே சொல்லிக்கொண்டால் தலைக்கனம், லேபின் தலைவர் சொன்னால் உண்மை. வரும் வழியில் ஒரு தேங்காய் பன் வாங்கி எனக்கு நானே விழா எடுத்துக்கொண்டேன்.

புது பேட்ச் தொடங்கியாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேரின் ரத்தம் வந்திருக்கிறது. நாலு பேருமே தலைமுறை தலைமுறையாகப் புற்றுநோய் வருகிற குடும்பத்துக்காரர்கள். பி53 என்கிற ஜீனில் பிறவியிலேயே பிழை. அந்த ஜீன் செல்லுக்குக் காவல்காரன் மாதிரி. டி.என்.ஏ. எங்காவது உடைந்தால் எழுந்து போய் மற்ற ஜீன்களைத் தட்டி எழுப்பும். எழுந்ததில் ஒன்று செல் பிரிவதை நிறுத்தும், ஒன்று உடைந்ததைச் சரி பார்க்கும், சரியாகாது என்றால் இன்னொன்று "நீ செத்துப் போ" என்று அந்த செல்லுக்கே உத்தரவு போடும். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று எல்லாருக்கும் இரண்டு காவல்காரர்கள் உண்டு. இந்த நாலு பேருக்கும் அதில் ஒருவன் குடிகாரன். தானும் வேலை செய்ய மாட்டான், நல்லவனையும் செய்ய விடமாட்டான். எழ வேண்டிய ஜீன்கள் பாதித் தூக்கத்தில் கிடக்கும். மருந்து ஊற்றி டி.என்.ஏ.வை வேண்டுமென்றே உடைத்து, எந்த ஜீன் எழுந்தது, எது தூங்குகிறது என்று அளப்பதுதான் என் வேலை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பிழையில்லாத ரத்தமும் வேண்டும். அதற்கு நாங்கள் எங்கேயும் போய் நிற்பதில்லை. நார்மல் வேண்டுமா, சட்டைக் கையை மடக்கு, அவ்வளவுதான் எங்கள் லேப் வழக்கம். ட்யூபில் எண் மட்டும் எழுதுவோம். யாருடையது என்று சார் கேட்க மாட்டார். இந்த முறை நார்மல் ஒன்று பர்வீன், இரண்டு கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன், மூன்று நான். பர்வீன்தான் எனக்கு ஊசி குத்தினாள். "இது நரம்பா, தண்ணிப் பைப்பா?" என்று கேட்டாள். அவளும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், அவள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஜூலை 2

ஏழு பேரின் வெள்ளையணுக்களும் கொழுகொழுவென்று வளர்கின்றன. இன்குபேட்டர் கதவைத் திறந்து "சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

அம்மா போன் செய்தாள். உடுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிட்டு, மிச்சமிருக்கிற சக்தியை எல்லாம் என் கல்யாணத்தில் இறக்குகிறாள்.

"ஏங்கண்ணு, ஆடி பொறக்கறக்குள்ள ஒரு நல்ல எடம் வந்திருக்குது. மாப்ள பேங்க்குல இருக்கறாரு."

"அவரு அங்கயே இருக்கட்டும்மா."

"வாயி மட்டும் இல்லீன்னா உன்னைய நாயி தூக்கீட்டுப் போயிரும்."

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாடியில் எனக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கார அக்காவிடம் வெந்நீர் வாங்கிக் காபி போட்டேன்.

ஜூலை 7

ரிசல்ட் வந்தது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் படம் விழும். எழுந்த ஜீன் சிவப்பு, தூங்கும் ஜீன் நீலம். நோயாளிகள் நாலு பேரின் வரிசையும் எதிர்பார்த்தபடியே நீலம் பாய்ந்து கிடந்தது. நார்மல் ஒன்று, செக்கச்செவேல். இரண்டு, அதுவும் சிவப்பு. மூன்று நீலம்.

முதலில் வரிசையைத் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். திரையில் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்றுதான். பி21 என்று ஒரு ஜீன் இருக்கிறது, செல்லை நிறுத்துகிற பிரேக். மற்ற நார்மல்களில் அது துள்ளி எழுந்திருந்தது. மூன்றாம் ஆசாமியிடம் சோம்பல் முறித்ததோடு சரி.

சார் ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"என்ன வாணி இது? ட்யூப் மாத்திட்டியா?"

"இல்லைங்க சார்."

"பேஷண்ட் சாம்பிள் எதையோ நார்மல்ல போட்டிருக்க. பரவால்ல, எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கும். தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு போடு."

எல்லாருக்கும் நடக்குமாம். எனக்கு நடக்காது. பதினைந்து நாளைக்கு முன்னால் என் கையைப் பற்றிப் பெருமையாகப் பேசிய மனுஷன் இவர்தான். கோபத்தில் சாப்பாட்டு டப்பாவை லேபிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 8

மாற்றவில்லை.

ஜூலை 10

ஜீன் எழுந்தால் செல்லுக்குள் உண்டாகிற ஆர்.என்.ஏ.வைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன், அதில் மறுபடி அளந்தேன். அதே நீலம். மெஷின் கோளாறாக இருக்கலாம் என்று பக்கத்து லேப் மெஷினில் கெஞ்சி ஓட்டினேன். அங்கேயும் நீலம். மருந்து பழசாக இருந்தால் ஏழு பேருக்கும்தான் கெட்டிருக்க வேண்டும். செல் சோர்ந்திருந்தால் மற்ற ஜீன்களும் சோர்ந்திருக்கும், அவை நன்றாகத்தான் இருக்கின்றன. பி53 எழுப்ப வேண்டிய ஜீன்கள் மட்டும்தான் தூங்குகின்றன.

சார் மறுபடியும், "எதுக்கு டைம் வேஸ்ட் பண்றே?" என்றார். ஒரு தடவை முழுசாகப் புது ரத்தத்தில் செய்து காட்டுகிறேன், பர்வீன் கூடவே நின்று ஒவ்வொரு ட்யூபையும் பார்க்கட்டும், தப்பு என்னுடையது என்றால் வாசலில் நின்று ஒத்துக்கொள்கிறேன் என்றேன். லேப் முழுக்க எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஜூலை 12

அப்பாவின் தெவசம். பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து வீட்டில் பெரியப்பா நாச்சிமுத்து படையல் போடுவார். அப்பாவின் அண்ணன். அம்மாவுக்கு அழைப்புக் கிடையாது, எனக்கும் கிடையாது.

புது மருமகளாக அந்த வீட்டுப் படியேறியபோது அம்மா தடுமாறி இடது காலை முதலில் வைத்துவிட்டாளாம். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பாவோடு பிறந்த அத்தை போய்விட்டாள், மார்பில் கட்டி. அவள் மகள் பூங்குழலி அப்போது கைக்குழந்தை. நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா, மூளையில் கட்டி. இரண்டு பேருக்கும் நாற்பது ஆகவில்லை. "எடங்கால வெச்சு வந்தவ, ரெண்டு உசுர வாங்கீட்டா" என்று பெரியப்பா சொல்ல, அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு உடுமலைக்கு வந்தாள். அந்தப் படியை அப்புறம் மிதிக்கவில்லை. தாயில்லாத பூங்குழலி பெரியப்பா வீட்டிலேயே வளர்ந்தாள்.

இதையெல்லாம் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்? தெவசம் என்பதால்தான். வேறொன்றுமில்லை.

ஜூலை 13

துணி துவைத்தேன். மழை. காயவில்லை.

ஜூலை 21

ஜெயித்துவிட்டேன். புது ரத்தம், புது மருந்து, ஒவ்வொரு ட்யூபிலும் பர்வீனின் கையெழுத்து. நார்மல் மூன்று மறுபடி நீலம். கட்டத்துக்குக் கட்டம் அதே நீலம். யாரும் எதையும் மாற்றவில்லை. என் கையில் தப்பில்லை என்று இதைவிடச் சுத்தமாக யாராலும் நிரூபிக்க முடியாது.

"பாத்தியா?" என்று பர்வீனிடம் கேட்டேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வாணி, மூணு யாருன்னு எனக்குத் தெரியும்ப்பா. நான்தானே ஊசி குத்துனேன்."

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. வா, டீ குடிக்கலாம்."

அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. டீக்கும் போகவில்லை.

ஜூலை 22

சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நீ சொன்னது சரிதான், சாம்பிள் மாறல. ஆனா இத விளக்கிட்டிருந்தா பேப்பர் ஆறு மாசம் தள்ளிப்போகும். ஏதோ டெக்னிக்கல் பிரச்னைன்னு மூணை எடுத்துடலாம். உன் மேல தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. என்ன சொல்றே?"

சும்மா தலையாட்டினால் போதும். கோளாறு டெக்னிக்கல், அதாவது என் கைத்தப்பு. கை தப்பென்றால் ரத்தம் சரி. இத்தனை நாள் எந்தப் பழியை எதிர்த்துச் சண்டை போட்டேனோ, அதை ஏற்றுக்கொண்டால் நான் நல்ல ரத்தத்தோடு வீட்டுக்குப் போகலாம். பேங்க் மாப்பிள்ளையைக்கூடப் பார்க்கலாம். எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் அந்தப் படம் சரியான படம். எனக்குத் தெரியும். சரியாகச் செய்த வேலையைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எடுக்கக் கூடாதுங்க சார். மூணு, நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நேற்று வரை வாணி என்று கூப்பிட்டவர், "உக்காரும்மா" என்றார். அந்த "மா"தான் என்னை உடைத்தது. அழுதேன். பிறகு அழுததற்காகக் கோபப்பட்டேன்.

"படத்துலருந்து என்னைய எடுக்காதீங்க சார். எடத்த மாத்துங்க. நாலு பேஷண்ட் இல்ல, அஞ்சுன்னு போடுங்க."

"அதெல்லாம் முறையா சம்மதம் வாங்கித்தான் செய்யணும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் முறையா டெஸ்ட் பண்ணிக்கோ. பேப்பர் காத்திருக்கும்" என்றார். ஆறு மாசம் தள்ளிப்போகும் என்று சொன்ன அதே வாய்.

ஆகஸ்ட் 8

உறுதியாகிவிட்டது. பி53. முந்நூறு கோடி எழுத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.

ஆகஸ்ட் 9

ஒருவழியாகச் சிலிண்டர் வந்தது. அடுப்பைத் தேய்த்துக் கழுவினேன். ஜன்னலையும் கழுவினேன். கழுவ வேறொன்றும் இல்லாததால் கழுவினதையே மறுபடி கழுவினேன்.

ஆலோசனை சொல்லும் டாக்டர் பெண்மணி பொறுமையாகப் பேசினார். எனக்கு இப்போது வியாதி இல்லை. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ரொம்ப அதிகம். வருஷா வருஷம் உடம்பு முழுக்க எம்.ஆர்.ஐ., மார்புக்குத் தனியாக ஒன்று. தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. வந்தாலும் கடுகளவில் பிடித்துவிட வேண்டும், அதற்குத்தான் இத்தனையும். "பயமா இருக்கா?" என்று கேட்டார். "கோவமா இருக்குங்க" என்றேன். அதுவும் நல்லதுதான் என்றார்.

என்னிடம் ஒரு நல்ல காவல்காரன் இன்னும் இருக்கிறான். குடிகாரன் பக்கத்திலேயே நின்றுகொண்டு இருபத்தொன்பது வருஷம் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அவனுக்குத் துணையாக இனி நானும் காவல் இருக்கப் போகிறேன். தூங்கினால்தானே திருட்டு.

ஆகஸ்ட் 16

உடுமலை. அம்மா அரிசியும் பருப்பும் சாப்பாடு ஆக்கி, நெய் ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளும்போது சொல்லிவிட்டேன். கரண்டி அப்படியே நின்றது.

"உனக்கா?"

"வியாதி இல்லீம்மா. வரலாம். வராமயும் போகலாம்."

"எப்புடி கண்ணு வந்துச்சு? நான் என்ன திங்கக் குடுத்தேன்?"

பாருங்கள், யார் எதில் செத்தாலும் தன் கையை, தன் காலைச் சந்தேகப்படுகிற மாதிரி இவளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். திங்கிறதில் வருவதில்லை, ரத்தத்தோடு வருவது, பெற்றவர் ஒருவரிடமிருந்து வந்திருக்கும் என்றேன். அப்பாவும் அத்தையும் போன வயசைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அம்மாவையும் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் உறுதி சொல்வார் என்றேன்.

"என்ற ரத்தத்தயும் எடுத்துப் பாக்கோணுமா?"

"ஆமாம்மா."

"செரி, எடு. இத்தன வருசம் ஊரே எடுத்துச்சு, நீயும் எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் அழ வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 20

அம்மா கோவை வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு ட்யூப் கொடுத்தாள். இன்னொரு ட்யூப் எங்கள் லேபுக்கு, ஆராய்ச்சிக்கு. பர்வீன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். இனி லேப் ஆட்களின் ரத்தத்தை நார்மலுக்கு எடுக்கக் கூடாது என்று சார் உத்தரவு போட்டுவிட்டார். பர்வீன் என்னிடம் ரகசியமாக, "நான் செவப்புன்னு தெரிஞ்சதுக்கு அல்லாவுக்கு நன்றி சொன்னேன்ப்பா, அப்புறம் உன்ன நெனச்சு வெக்கமாயிடுச்சு" என்றாள். போடி லூசு என்றேன்.

அம்மா இன்குபேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குள்ளயா நாங்கெல்லாம் இருக்கறோம்?" என்று கேட்டாள். சூடு எவ்வளவு, என்ன தீனி என்று சமையல்காரியாகவே விசாரித்தாள்.

செப்டம்பர் 1

அம்மாவிடம் பிழை இல்லை என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. எங்கள் லேப் படமும் இன்றுதான் வந்தது. அம்மாவின் வரிசை மேலிருந்து கீழ் வரை சிவப்பு. பர்வீனைவிட, செக்யூரிட்டி அண்ணனைவிடச் சிவப்பு. எழுப்ப வேண்டிய ஜீனை எல்லாம் எழுப்பி உட்கார வைத்திருக்கிறாள். சார் அதைப் பார்த்து, யாருடையது என்று கேட்காமலே, "டெக்ஸ்ட்புக் நார்மல்" என்றார். இந்தப் பேப்பரில் நார்மல் மூன்று இனி அம்மாதான். நான் சம்மதக் கையெழுத்துப் போட்டு நோயாளிகள் பக்கத்தில் ஐந்தாவதாகப் போய் நின்றுவிட்டேன்.

வீடியோ காலில் படத்தைக் காட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"இது நீங்க. இது நானு. அந்த நீலம் அப்பா வழியில வந்தது. நீங்க அந்த ஊட்டுக்குள்ள கால வெக்கறக்கு முன்னாடியே அப்பா ரத்தத்துல இருந்திருக்குது. அத்தை ரத்தத்துலயும் இருந்திருக்கும். எந்தக் கால வெச்சிருந்தாலும் நடக்கறது நடந்திருக்கும். உங்க மேல ஒண்ணுமே இல்லீம்மா."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

"எனக்கு நாயம் கெடைக்கறக்கு உன்ற ரத்தமா கண்ணு வேணும்?" என்று கேட்டாள். "அந்தப் பழி என்ற மேலயே இருந்துட்டுப் போகுது. உன்னைய அந்தப் பக்கத்துலருந்து இந்தப் பக்கம் நவுத்திப் போடு."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பறம் பூங்குழலிக்கு?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குதும்மா. போன்ல சொன்னேன். பெரியப்பா வேண்டாங்கறாராம். கட்டிக்குடுத்த பொண்ணுக்கு டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னா அவ புருசன் ஊட்டுல என்ன நெனைப்பாங்கன்னு."

"அவரு கெடக்கறாரு. அந்தப் புள்ளைக்கு நான் ரெண்டு மாசம் பால் குடுத்திருக்கறேன், தெரியுமா உனக்கு? அவங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப. நீயி பாலு மறக்கறக்குள்ள அவ வந்துட்டா."

தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை.

"ஞாயித்துக்கெழம லீவு போடு. போலாம்."

"ஞாயித்துக்கெழம லீவுதாம்மா."

செப்டம்பர் 7

பூங்குழலி சம்மதித்துவிட்டாள். வியாழக்கிழமை புருஷனோடு கோவை வருகிறாள். இன்று அவளோடு பெரியப்பா வீட்டுக்கு அவனும் வந்திருந்தான், பயந்த பையன், ஆனால் நேராகக் கேள்வி கேட்டான். பெரியப்பா கடைசி வரை உம்மென்றுதான் இருந்தார், தடுக்கவில்லை. எனக்குப் பதினெட்டாம் தேதி முதல் ஸ்கேன். அம்மா கூட வருவேன் என்கிறாள். பேப்பர் நேற்றே ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போய்விட்டது, மூன்றையும் ஐந்தையும் சேர்த்து.

இவை எல்லாம் செய்தி. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றை.

பஸ் இறங்கித் தோட்டத்துப் பாதையில் அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள், மெரூன் கலர், பெரிய கரை. பெரியப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார். உள்ளேயிருந்து பூங்குழலி இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்து "அத்தே!" என்றாள்.

"என்ன அம்மிணி, சொல்லாமக் கொள்ளாம?" என்றார் பெரியப்பா.

"ஒரு சோலியாத்தான் வந்தனுங்க மாமா. பூங்குழலிகிட்டப் பேசோணும். வாசல்ல நின்னு பேசற பேச்சில்லீங்க."

பெரியப்பா வாசற்படியைப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் காலைப் பார்த்தார். நான் கவனித்தேன், அம்மாவும் கவனித்தாள்.

"செரி, வா. பாத்து வா" என்றார்.

அந்தப் "பாத்து"வைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் எல்லாம் சேர்ந்து கொதித்தது. வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

படிக்குப் பக்கத்தில் போனாள். செருப்பைக் கழற்றினாள். பழக்கத்தில் வலது காலைத் தூக்கிவிட்டாள், நின்றாள், அதை மெதுவாகக் கீழேயே வைத்தாள். பெரியப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே இடது காலைத் தூக்கிப் படியின் நடுவில் வைத்து ஏறி உள்ளே போனாள்.

நானும் இடது காலை வைத்துத்தான் போனேன்.